பேர் போடாத பாடங்கள்

அத்தியாயம் 14

போன வாரம் லொறெய்ன் நீலச் சேலைக்கு அயன் போட்டுக்கொண்டு நின்றாள். அந்த இடத்திலேயே அவளை விட்டுவிட்டு வந்தோம். அந்தச் சேலையைக் கட்டிக்கொண்டு அவள் போன இடத்தில் நடந்ததைக் கேட்டால், அதை அலுமாரியிலேயே மடித்து வைத்திருக்கலாமே என்று உங்களுக்கும் தோன்றும்.

இந்த வாரம்தான் கதைக்குள் வருகிறவர்களுக்காக நாலு வரி. லொறெய்னுக்கு வீடு மட்டக்களப்பு ரவுணில். வேலை கிரானுக்கு உள்ளே, வயல் ஊரொன்றின் பள்ளிக்கூடத்தில், விஞ்ஞான ரீச்சர். பதினொரு வருடமாக விடிய ஐந்து நாற்பதுக்குப் படலையைத் திறந்து இறங்குகிறாள். மாரியில் பாலம் மூழ்கினால் தோணியிலும் போவாள். கணவர் ஏர்ல், லேத் பட்டறைக்காரர். சீனி வருத்தம் என்கிற நீரிழிவு நோய் ஜூன் மாதத்தில் அவருடைய இடது காலில் இரண்டு விரலைக் கொண்டுபோய்விட்டது. பட்டறை பூட்டிக் கிடக்கிறது. தங்கை ஹெதர் ரவுணில் கணினி ரீச்சர். தாய் போன பிறகு அவளுக்குத் தலை வாரிவிட்டதிலிருந்து பயிற்சிக் கலாசாலைக்குப் பெட்டி கட்டி அனுப்பியது வரை எல்லாம் லொறெய்ன்தான்.

மற்றது அந்தச் சிவப்புப் பை. அதைச் சொல்லாமல் இன்றைய கதை நகராது.

ஆறு வருடத்துக்கு முன்னால் யாரோ புண்ணியவான்கள் லொறெய்னின் பள்ளிக்கூடத்துக்கு இருபத்தெட்டு டெப் கணினி கொடுத்துப் படமும் பிடித்துவிட்டுப் போனார்கள். டெப் இருந்தது, உள்ளே பாடம் இல்லை. தண்ணீர்த் தாங்கியில் ஏறி நின்றால்தான் போனுக்கே சிக்னல் வரும் ஊர் அது. அலுமாரியில் கிடந்து பழுதாகட்டும் என்று விட லொறெய்னுக்கு மனம் வரவில்லை. பாடங்களைத் தேடத் தொடங்கினாள்.

தேடினால் கிடைக்காமலா? கடல் போலக் கிடக்கிறது. ஆனால் ஒன்று ஆங்கிலத்தில், ஒன்று சிங்களத்தில், தமிழில் இருப்பது சென்னைக்காரர்களின் வேகத்தில். பிள்ளைகள் படத்தைப் பார்த்தார்கள், பேச்சைப் பிடிக்கவில்லை. அதனால் லொறெய்ன் ஒரு வேலை செய்தாள். படத்தின் சத்தத்தை நிறுத்திவிட்டு, தன் வகுப்புப் பிள்ளைகளையே வாசிக்க வைத்துப் பதிந்தாள். நூலகத்தின் கதவை அடைத்து, யன்னலுக்குச் சாக்குத் தொங்கவிட்டு, நூற்றைம்பது ரூபாய் மைக்கில்.

பிறகு ஏறாவூரிலிருந்து பஹீமா ரீச்சர் சேர்ந்தாள். வந்தாறுமூலையிலிருந்து அழகரத்தினம் சேரும் வந்தார். இப்போது ஆறு பள்ளிக்கூடம், ஆறு ஆசிரியர்கள், ஒரு ஹார்ட் டிஸ்க். அதற்குள் தரம் வாரியாக, பாட எண் வாரியாகத் தொள்ளாயிரம் பாடங்கள். இரண்டு பேர் சரிபார்த்த பாடத்துக்குப் பச்சைப் புள்ளி. இன்னும் குரல் வைக்காததற்கு மஞ்சள்.

அந்த டிஸ்க் சுற்றும் முறைதான் லொறெய்னுடைய கண்டுபிடிப்பு. ஜெபமாலை மாதத்தில் மாதா சுரூபம் வீடு வீடாகப் போகுமல்லவா, அதேமாதிரி. ஒவ்வொரு கிழமை ஒவ்வொருவர் வீட்டில். சனிக்கிழமை பின்னேரம் அடுத்த ஆள் வந்து வாங்கிப் போக வேண்டும். பைக்குள் ஒரு கொப்பி. கொடுத்த வீடு, எடுத்த வீடு, திகதி. யார் கையெழுத்துப் போட்டாலும் வீட்டின் பேரைத்தான் எழுதுவது. சுரூபம் வந்த வீட்டில் என்ன ஜெபித்தாய் என்று யாரும் கேட்பதில்லை. டிஸ்க் போன வீட்டிலும் கேட்பதில்லை.

இன்னொரு சட்டமும் லொறெய்ன் போட்டாள். எந்தப் பாடத்திலும் எவருடைய பேரும் போடக்கூடாது.

பஹீமா அன்றைக்கே மறுத்தாள். "பேரப் போடுங்க ரீச்சர். நாளைக்கி ஒருத்தன் வந்து தன்ட எண்டு சொல்லுவான்."

"சுரூபத்துல ஆராவது வீட்டுக்காரன் தன்ட பேர எழுதி வெப்பானா பஹீமா?" என்று லொறெய்ன் சிரித்தாள். அந்தச் சிரிப்பை அவள் இந்தச் சனிக்கிழமை நன்றாக நினைத்துக்கொண்டாள்.

காலையில் ஏர்லின் காலுக்கு மருந்து கட்டும்போதே அவர் ஒரு மாதிரியாகத்தான் இருந்தார். வழக்கமாக அந்த நேரம் வாய் ஓயாது. துணி இறுக்கம், மருந்து எரிவு, ஆஸ்பத்திரி மிஸ்ஸி நல்லாக் கட்டுவாள் என்று. இன்றைக்குப் பேச்சில்லை.

"கட்டாயம் போகணுமா?" என்று மட்டும் கேட்டார்.

"தங்கச்சிட முதல் கண்காட்சி. நான் போகாம ஆரு போறது? எங்கட பாடமும் ரெண்டு போடுறன் எண்டு சொன்னவள். தர்மிகாவையும் வரச் சொல்லியிருக்கன்."

"அதாரு?"

"தரம் ஒன்பது. ஒளித்தொகுப்புப் பாடம் வாசிச்ச பிள்ள. உங்களுக்கு எத்தின தரம் போட்டுக் காட்டின?"

ஏர்ல் யன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். கால் வலிக்கிறதாக்கும் என்று லொறெய்ன் நினைத்தாள். வருத்தக்காரனிடம் வேறு எதைத் தேடுவது?

கண்காட்சியை நடத்தியது 'வாவிக்கதிர் கல்வி நிதியம்'. கொழும்பிலிருந்து ஆட்கள் வந்திருந்தார்கள். மண்டப வாசலில் பலூன், உள்ளே ஏசி, ஆளுக்கொரு ரோல்ஸ் சிற்றுண்டிப் பெட்டி. சுவரளவு திரை. அதன் மேல் பெரிய எழுத்தில் 'கிழக்கின் டிஜிற்றல் பாட நூலகம்'. கீழே, திட்ட இணைப்பாளர்: ஹெதர்.

லொறெய்னுக்கு முதலில் பெருமைதான் வந்தது. பொய் சொல்லவில்லை. தான் வளர்த்த பிள்ளையின் பேர் அவ்வளவு பெரிதாக எழுதியிருந்தால் யாருக்குத்தான் வராது?

தர்மிகாவும் தாய் இலட்சுமிப்பிள்ளையும் முதல் பஸ்ஸிலேயே வந்து வாசலில் காத்து நின்றார்கள். பிள்ளை பள்ளிக்கூடச் சட்டையில். தாய் சந்தைக்குப் போகிற சேலையில். இலட்சுமிப்பிள்ளைக்கு வயல் வட்டையில் கூலி வேலை. இன்றைய சம்பளத்தை விட்டுவிட்டு வந்திருந்தாள்.

தர்மிகாவைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். வாய் திக்கும் பிள்ளை. வகுப்பில் எழும்பி நின்றால் முதல் சொல்லே வெளியே வராது; மற்றவர்கள் சிரித்துவிடுவார்கள். நூலகத்தில் மைக்குக்கு முன்னால் பதினாறு முறை வாசித்தாள். பதினேழாவதில் ஒரு தடக்கலும் இல்லை. அன்றைக்கு ரீச்சரும் பிள்ளையும் கட்டிப்பிடித்து அழுதார்கள். அந்தக் குரலை ஆறு பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் கேட்டுப் படிக்கிறார்கள் என்று தெரிந்த பிறகு, தர்மிகா வகுப்பிலும் கை தூக்கத் தொடங்கினாள்.

"பெரிய திரையில போடுவாங்களா ரீச்சர்?"

"போடுவாங்க மனே. காதத் தீட்டி வெச்சிக்கொண்டு இரி."

விளக்கேற்றல், வரவேற்புரை, பொன்னாடை எல்லாம் முடிந்தது. ஹெதர் மேடையில் ஏறினாள். கறுப்புக் கோட்டு, காதில் மைக். நன்றாகத்தான் பேசினாள். இணைய வசதி இல்லாத பள்ளிக்கூடங்கள், சிதறிக் கிடக்கும் வளங்கள், அவற்றைத் தேடித் தரம் பிரித்து ஒழுங்குபடுத்திய உழைப்பு. பிறகு திரையில் அடுக்கு விரிந்தது.

தரம் வாரியாக. பாட எண் வாரியாக. பச்சைப் புள்ளி. மஞ்சள் புள்ளி.

லொறெய்ன் நாற்காலியின் கையைப் பிடித்துக்கொண்டாள். இரண்டு பாடம் என்றாளே? இது முழுக்க முழுக்கத் தங்களுடையது. தொள்ளாயிரமும். அழகரத்தினம் சேர் தரம் ஏழில் தவறுதலாக இரண்டு முறை வைத்த பின்னப் பாடம் கூட, அதே இடத்தில் இரண்டு முறை இருந்தது.

"மாதிரிக்கு ஒரு பாடம் பார்ப்போம்" என்றாள் ஹெதர். திரையில் ஒளித்தொகுப்பு வந்தது.

தர்மிகா தாயின் கையைப் பிடித்தாள். படத்தில் இலை விரிந்தது. வெயில் விழுந்தது. 'எங்கட வட்டையில நெல்லு ஏன் பச்சையா இரிக்கி எண்டு யோசிச்சிருக்கீங்களா?' என்று தர்மிகாவின் குரல் தொடங்க வேண்டிய இடத்தில் வேறொரு குரல் தொடங்கியது. பட்டுப் போன்ற ரவுண் குரல். 'நெல் வயல்கள் பச்சை நிறமாகக் காட்சியளிப்பது ஏன் என்று சிந்தித்திருக்கிறீர்களா?'

மண்டபம் கைதட்டியது. இலட்சுமிப்பிள்ளையும் தட்டினாள். அது தன் மகள் இல்லை என்று அவளுக்குப் பிடிபடச் சற்று நேரமாயிற்று. பிறகு தட்டிய கை மடியில் இறங்கியது.

தர்மிகா லொறெய்னைப் பார்த்தாள். கேட்க வந்தது முதல் எழுத்திலேயே திக்கித் திக்கி, கடைசியில் வந்துவிட்டது.

"நா... நா... நான் பிழையா வாசிச்சிட்டனா ரீச்சர்?"

  லொறெய்ன் எழும்பி மேடைக்குப் பின்னால் போனாள்.

ஹெதர் அங்கே தண்ணீர் குடித்துக்கொண்டு நின்றாள். அக்காவைக் கண்டதும் முகம் மலர்ந்தது. மலர்ந்த வேகத்திலேயே சுருங்கியது.

"அந்தப் பிள்ளைய ஏன்கா கூட்டி வந்த?"

"அதத்தான் முதல்ல கேக்கிறியா நீ?"

"அக்கா, கத்தாத. கொழும்பு ஆக்கள் நிக்கிறாங்க."

"பிள்ளையள்ட குரல ஏன்டி எடுத்த?"

"அத அப்பிடியே போட ஏலுமா? வட்டை, இரிக்கி எண்டதெல்லாம். அந்தப் பிள்ள மூச்சு வாங்குறதும் கேக்குது. எல்லா மாவட்டத்துக்கும் போற சாமான். ஒரு தரம் வேணாமா?"

"தரமா? பதினேழு தரம் வாசிச்சாள்டி அவள்."

ஹெதர் கண்ணை வேறு பக்கம் திருப்பினாள். சின்ன வயதிலும் அப்படித்தான். போத்தல் உடைந்தால் உடைந்த போத்தலைப் பார்க்கமாட்டாள்.

"சரி, குரல விடு. ஆறு பேர் ஆறு வருஷம் தேடி அடுக்கினது. ஒருத்தருக்காவது சொன்னியா? ஒரு நன்றி போட்டியா?"

"நீதானே சொன்ன பேர் போடக்கூடாது எண்டு!" ஹெதரின் குரலும் உயர்ந்தது. "சுரூபத்துல ஆரும் பேர் எழுதுறல்ல எண்டு ஊரெல்லாம் சொன்னது நீ. உங்கட ஆறு பேர்ட பேரும் அதுல எங்கயும் இல்ல. நான் எதயும் அழிக்கல்ல அக்கா."

அது உண்மை. அதுதான் பொறுக்க முடியாமல் இருந்தது. தான் போட்ட சட்டம் தன் கன்னத்திலேயே அறைகிறது. அறைவதற்கு வேறு கை தேவைப்படவில்லை.

"டிஸ்க் உன்ட கைக்கு எப்பிடி வந்த?"

"ஒளிச்சி எடுக்கல்ல. கேட்டுத்தான் எடுத்தன்."

"ஆரிட்ட?"

ஹெதர் தயங்கினாள். கைப்பையைத் திறந்து ஒரு கடித உறையை எடுத்து நீட்டினாள். "இதப் பாரு முதல்ல. உனக்காகத்தான் ஓடித் திரிஞ்சன். நிதியத்தின்ட வள நிலையம், ரவுணில, உன்ட வீட்டில இருந்து நடந்து போற தூரம். உதவி இணைப்பாளர். பள்ளிக்கூடத்தில இருந்து உன்ன விடுவிக்கிறதுக்கும் ஒழுங்கு செஞ்சாச்சு. திங்கக்கிழம எட்டு மணிக்கு வந்தாப் போதும். நீ அஞ்சரைக்கு ஓடத் தேவல்ல. ஏர்ல் அத்தான்ட காலையும் பாத்துக்கொள்ளலாம்."

லொறெய்ன் கடிதத்தை வாசித்தாள். கடமைகள் என்று போட்டு முதலாவதாக எழுதியிருந்தது: பாட வளங்களை ஒழுங்குபடுத்தல்.

அவள் ஒழுங்குபடுத்தியதை அவளே, தங்கைக்குக் கீழே இருந்து, மறுபடி ஒழுங்குபடுத்த வேண்டும். சிரிப்பா அழுகையா என்று தெரியாத ஏதோ ஒன்று அவளுக்கு வந்தது.

"ஆரிட்டக் கேட்டு எடுத்த எண்டு கேட்டன்."

"அத்தான்ட்ட" என்றாள் ஹெதர். "ஓகஸ்ட்ல. நீ மடுத் திருநாளுக்குப் போயிருக்கக்குள்ள. அத்தான்தான் பையத் தூக்கித் தந்த. கொப்பியிலயும் எழுதித்தான் தந்த. நீ வர முதல் பிரதி எடுத்துத் திருப்பி வெச்சிட்டன்."

பஸ் நிலையம் வரை லொறெய்ன் அந்தத் தாயையும் மகளையும் கூட்டிக்கொண்டு நடந்தாள். பிள்ளைக்கு என்னவெல்லாமோ சொன்னாள். நீ பிழையா வாசிக்கல்ல மனே, அது வேற ஆக்கள் செஞ்ச வேல, உன்ட குரல் எங்கட டிஸ்க்கில அப்பிடியே இரிக்கி என்று. தர்மிகா எல்லாவற்றுக்கும் தலையாட்டினாள்.  பஸ் புறப்படும்போது இலட்சுமிப்பிள்ளைதான் யன்னலால் எட்டிப் பார்த்துப் பேசினாள்.

"நீங்க ஒண்டும் யோசிக்காதீங்க ரீச்சர். எங்கட புள்ளயள்ட கத பேச்சு அங்கெல்லாம் எடுபடாதுதானே."

கோபமாகச் சொல்லியிருந்தால் தாங்கியிருக்கலாம். ஆறுதலாகச் சொன்னாள்.

வீட்டுக்கு வந்ததும் லொறெய்ன் செருப்பைக் கழற்றவில்லை. நேரே சாப்பாட்டு மேசைக்குப் போனாள். சிவப்புப் பை அங்கே இருந்தது. இந்தக் கிழமை அவள் முறை. கொப்பியை எடுத்தாள். போன சனிக்கிழமை பையை வாங்கியபோது புதிய பக்கத்தில்தான் எழுதினாள். முந்தின பக்கத்தைப் புரட்ட வேண்டிய தேவை இருக்கவில்லை.

இப்போது புரட்டினாள். ஓகஸ்ட் பதினாலு. கொடுத்த வீடு: லொறெய்ன். எடுத்த வீடு: ஹெதர். ஏர்லின் சாய்ந்த எழுத்து. அதற்குக் கீழே, விடுமுறை முடிந்து பையை வாங்கிப் போன பஹீமாவின் ஒப்பம். அதற்குக் கீழே அழகரத்தினம் சேர். அதற்குக் கீழே மற்ற மூன்று பேரும்.

ஐந்து பேரும் பார்த்திருக்கிறார்கள். ஐந்து பேரும் கேட்கவில்லை. கேட்கக்கூடாது என்பது சட்டம்.

ஏர்ல் அறை வாசலில், ஊன்றுகோலைப் பிடித்தபடி நின்றார்.

"ஹெதர் போன் எடுத்தாள்" என்றார்.

"எடுப்பாள்தானே. நீங்க ரெண்டு பேரும் ஒரு பக்கம்."

"லொறெய்ன், கேளு..."

"ஆறு பேர்ட சாமானத் தூக்கிக் குடுக்க நீங்க ஆரு? உங்கட லேத் மெசினா அது?"

ஏர்ல் கதிரையில் இருந்தார். காலைத் தூக்கி முக்காலியில் வைத்தார். துணியில் கசிவு தெரிந்தது. லொறெய்ன் பார்த்தாள். பார்க்காத மாதிரி நின்றாள்.

"அஞ்சு நாப்பதுக்கு நீ போறாய்" என்றார் ஏர்ல். "ஆறு மணிக்கு நான் இந்தக் கதிரைக்கு வாறன். நீ திரும்பி வரக்குள்ள மூணு மணி. அது வரைக்கும் இந்தச் சுவரப் பாத்துக்கொண்டு இரிக்கன். ஒருநாள் குளிக்கிற இடத்துல விழுந்து, எழும்ப ஏலாம ஒரு மணித்தியாலம் கிடந்தன். உனக்குச் சொல்லல்ல. பதினொரு வருஷமா ரான்ஸ்பர் கேளு கேளு எண்டு சொன்னன், கேட்டியா? அந்தப் பிள்ளையள், அந்தப் பாடம், அந்தப் பை. அவள் வந்து, அத்தான், இதத் தந்தா அக்காவ ரவுணுக்கு எடுத்துத் தருவன் எண்டு சொன்னாள். குடுத்தன். எனக்கு நீ வேணும். அவ்வளவுதான்."

விழுந்த கதை அவளுக்குத் தெரியாது.  மன்னிக்க ஒரு வழி இருந்தால் அந்த நிமிடத்தில் மன்னித்திருப்பாள். ஆனால் நா... நா... என்று ஒரு குரல் காதுக்குள் திக்கிக்கொண்டே நின்றது.

"என்னட்டக் கேட்டிருக்கலாம் ஏர்ல்."

"கேட்டா ஓம் எண்டிருப்பியா?"

அந்த நேரம் படலையில் ஸ்கூட்டி வந்து நின்றது. சனிக்கிழமை பின்னேரம் நாலு மணி. பஹீமா. பையை வாங்க வந்திருக்கிறாள்.

வழக்கமாகப் படலையிலேயே "பிளேன்ரீ ஊத்துங்க ரீச்சர்" என்று குரல் கொடுப்பவள். இன்றைக்கு அமைதியாக உள்ளே வந்து, கதிரையின் நுனியில் இருந்தாள். ஏர்ல் எழும்பி அறைக்குள் போனார். திரைச்சீலைக்கு அந்தப் பக்கம் ஊன்றுகோல் நின்ற சத்தம் கேட்டது. கட்டிலுக்குப் போகவில்லை.

"நானும் வந்திருந்தன். கடைசி வரிசையில இருந்தன்" என்றாள் பஹீமா. "என்ட தரம் ஆறு நீர்ப் பாடத்தையும் போட்டாங்க. என்ட மகள் ஸாதியாட குரல் இல்ல."

"பஹீமா..."

"ஓகஸ்ட்லயே கொப்பியப் பாத்தன் ரீச்சர். உங்கட தங்கச்சி எடுத்திரிக்கா எண்டு. நீங்க ஒரு நாளைக்கிச் சொல்லுவீங்க எண்டு பாத்துக்கொண்டே இருந்தன். அழகரத்தினம் சேரும் கேட்டார், நான்தான் சொன்னன், லொறெய்ன் ரீச்சர் செஞ்சா அதுல ஞாயம் இரிக்கும் எண்டு." அவள் மேசையைப் பார்த்தாள். கடித உறை திறந்தபடி கிடந்தது. நிதியத்தின் சின்னம் மேலே தெரிந்தது. "மண்டபத்துல சொன்னாங்க, உங்களுக்கு அங்க வேலையாம்."

லொறெய்ன் உறையை மூடவில்லை. இனி மூடி என்ன?

"ஒண்டே ஒண்டுதான் கேக்கிறன். கேக்கக்கூடாதுதான், மன்னிச்சிக்கொள்ளுங்க. நீங்கதானா குடுத்த?"

இல்லை என்று ஒரு சொல் போதும். இல்லை பஹீமா, என்ட மனிசன்தான் குடுத்த. அவ்வளவு சொன்னால் ஆறு வருடச் சிநேகம் பிழைக்கும். திரைச்சீலைக்குப் பின்னால் இரண்டு விரல் இல்லாத காலோடு நிற்கிற மனிதன், நாளைக்கு ஆறு ஊரிலும் கள்ளனாவான். பூசைக்குப் போகிற வழியில் அழகரத்தினம் சேரைக் கண்டால் தலை குனிவான்.

லொறெய்ன் திரைச்சீலையைப் பார்த்தாள். வெளியே வந்து சொல்லுவார் என்று ஒரு நிமிடம் காத்தாள். உண்மையாகவே காத்தாள். ஊன்றுகோல் அசையவில்லை.

"எங்கட வீட்டில இருந்துதான் போன" என்றாள்.

பஹீமா தலையை ஆட்டினாள். எழும்பினாள். முந்தானையைச் சரிசெய்துகொண்டு வாசலுக்கு நடந்தாள்.

"பை" என்றாள் லொறெய்ன். "பைய விட்டிட்டுப் போறீங்க."

"அது உங்கட வீட்டிலயே இரிக்கட்டும் ரீச்சர்."

ஆறு வருடத்தில் பையை யாரும் வேண்டாமென்று சொன்னதில்லை. பிள்ளைப்பேற்று வீட்டுக்காரியும் வாங்கினாள், செத்த வீட்டுக்காரரும் வாங்கினார். ஸ்கூட்டி திரும்பிப் போகிற சத்தம் தெருமுனை வரைக்கும் கேட்டது. லொறெய்ன் வாசலிலேயே நின்றாள்.

திரும்பி வந்தபோது ஏர்ல் பழையபடி கதிரையில் இருந்தார். கண் சிவந்திருந்தது. அதைப் பார்த்து அவளுக்கு இரக்கம் வரவில்லை, எரிச்சல்தான் வந்தது. அழுகிறவருக்கு ஒரு நிமிடத்துக்கு முன்னால் கால் நடந்திருக்கலாமே.

அவள் கடிதத்தை எடுத்து நாலாக மடித்தாள். குப்பைக் கூடைக்குள் போட்டாள்.

"திங்கக்கிழம அஞ்சு நாப்பதுக்குப் போவன்" என்றாள். "வழமைபோல. அந்தப் பிள்ளைய வகுப்பில எழுப்பி, எல்லாருக்கும் முன்னால வாசிக்க வெக்கோணும். உங்கட காலுக்கு மருந்து கட்ட, மச்சாளக் கூப்பிடுங்க. அவளிட்டத்தானே என்னக் குடுத்த நீங்க."

ஏர்ல் கூடையைப் பார்த்தார். தொண்டையைச் செருமினார்.

"லொறெய்ன்... அதுக்குப் பதில் போயிட்டுது."

"எதுக்கு?"

"அந்த வேலைக்கு. சம்மதம் எண்டு போன கிழமையே அனுப்பியாச்சு. உங்கட பள்ளிக்கூடத்துக்கும் ஒரு பிரதி போயிருக்கும்."

"ஆரு ஒப்பம் வெச்ச?"

 அவர் சொல்ல வேண்டியிருக்கவில்லை. கொப்பி இன்னும் மேசையில் விரிந்து கிடந்தது; ஓகஸ்ட் பதினாலு, சாய்ந்த எழுத்தில் அவளுடைய பேர்.

தொள்ளாயிரம் பாடத்தில் ஒன்றிலும் தன் பேரைப் போடாதவள் அந்த எழுத்தின் மேல் விரலை வைத்தாள்.

"இன்னும் எதுலயெல்லாம் என்ட பேர எழுதி வெச்சிரிக்கீங்க, ஏர்ல்?"

ஏர்ல் நிமிரவில்லை. ஆனால் அவருடைய கண், ஒரு கணம்தான், மேசையின் இழுப்பறை லாச்சிப் பக்கம் போய்த் திரும்பியது. லாச்சி பூட்டியிருந்தது.